கூலிக்கு ஓர் அளவுகோல்

(தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளான மே முதல் நாளன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



நம் ஊர்களில் சூசையப்பர் என்று உரிமையோடு அழைக்கும் புனித யோசேப்பை இன்று தொழிலாளராக நினைவுகூருகிறோம். 1955ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், உலகத் தொழிலாளர் கொண்டாடும் மே முதல் நாளையே இத்திருநாளுக்கென்று ஏற்படுத்தினார். இன்றைய நற்செய்தியில் நாசரேத்து மக்கள் இயேசுவைப் பார்த்து, இவர் தச்சரின் மகன்தானே என்று இளக்காரமாகக் கேட்கிறார்கள். அவர்கள் இளக்காரமாகக் கேட்டது நமக்குப் பெருமை. உழைத்துக் கூலி வாங்கிய கைகளால் வளர்க்கப்பட்டவர் நம் ஆண்டவர். ஒரு கதவுக்கு என்ன கேட்பது, ஒரு நுகத்தடிக்கு என்ன கேட்பது என்ற பேச்சு அந்த வீட்டிலும் நடந்திருக்கும்.

அதே பேச்சு நம் வீடுகளிலும் நடக்கிறது. மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் இவ்வளவு என்கிறார்கள், இது நியாயமா? மகள் ஐந்து ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறாள், இன்னும் அதே சம்பளம்தான், பொறுத்துக்கொள்வதா, கேட்பதா? சென்னையில் கூடுதலாகத் தருகிறார்கள். ஊரைவிட்டுப் போவது சரியா? இந்தக் கேள்விகளைப் பணத்தாசை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு குடும்பத்தின் சோறும், பிள்ளைகளின் படிப்பும், முதியவரின் மருந்தும் இதற்குள் அடங்கியிருக்கின்றன. ஆகவே, என் சம்பளம் நியாயமானதா என்று ஒருவர் எப்படிக் கண்டுகொள்வது என்பதைப் பற்றி இன்று சிந்திப்போம். முடிந்தவர்கள் பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நாம் வழக்கமாகக் கையில் எடுக்கும் மூன்று தவறான அளவுகோல்களைக் கீழே வைத்துவிடுவோம்.

ஒன்று, பக்கத்து வீடு. "அவன் மகன் ஐம்பதாயிரம் வாங்குகிறான், உனக்கு இருபதுதானா?" என்று கேட்கிறோம். அந்த மகன் எந்த ஊரில் இருக்கிறான், என்ன வேலை, எத்தனை மணி நேரம், அதில் வாடகைக்கு எவ்வளவு போகிறது என்று நமக்குத் தெரியாது. திருமண வீட்டில் சொல்லப்படும் சம்பளத்தில் பாதி காற்று. அதை வைத்து நம் பிள்ளையை அளந்தால், அவன் மனம்தான் புண்படும்.

இரண்டு, கையெழுத்து. "நீதானே ஒத்துக்கொண்டு வந்தாய்?" என்று முதலாளி கேட்பார். பலருக்கு அதோடு வாய் அடைத்துவிடும். இதற்குத் திருஅவை 1891ஆம் ஆண்டிலேயே பதில் சொல்லிவிட்டது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, தொழிலாளரைப் பற்றி எழுதிய 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலில், இருவரும் ஒத்துக்கொண்டார்கள் என்பதால் மட்டும் ஒரு கூலி நியாயமாகிவிடாது என்று கற்பித்தார். காரணம் எளியது. அடுத்த வேளைக்கு வீட்டில் அரிசி இல்லாதவர், கொடுப்பது எதுவானாலும் தலையாட்டத்தான் செய்வார். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று சொல்ல முடியுமா? பசி அவருக்காகக் கையெழுத்துப் போடுகிறது.

மூன்று, பக்தி. "இருப்பதில் நிறைவு கொள்ள வேண்டும்; கூலி கேட்பது கிறிஸ்தவருக்கு அழகா?" என்பார்கள். திருமுழுக்கு யோவான், கிடைக்கும் ஊதியம் போதும் என்றிருங்கள் என்று சொன்னது உண்மைதான். யாருக்குச் சொன்னார்? லூக்கா நற்செய்தி மூன்றாம் பிரிவைத் திறந்து பாருங்கள். கையில் ஆயுதம் வைத்துக்கொண்டு மக்களை மிரட்டிப் பணம் பறிக்கக்கூடிய படைவீரருக்குச் சொன்னார். ஆயுதம் இல்லாத நெசவாளிக்கும், பட்டறைத் தொழிலாளிக்கும், மருத்துவமனைப் பணிப்பெண்ணுக்கும் அந்த வசனத்தைக் காட்டி வாயை மூடச் சொல்வது மறைநூலைத் திருப்பிப் பிடிப்பதாகும். வேலையாள் தம் கூலிக்கு உரிமை உடையவர் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

சரி, எந்த அளவுகோலை எடுப்பது? மூன்று கேள்விகளைக் கேட்போம். வேலை எப்படிப்பட்டது? வீட்டுக்கு என்ன தேவை? ஊர் எது?

முதலில் வேலை. எத்தனை மணி நேரம், இரவுப் பணி உண்டா, உடலுக்கு ஆபத்து உண்டா, எத்தனை ஆண்டு படித்தும் பழகியும் வரும் வேலை, தவறினால் என்ன இழப்பு, எத்தனை பேருக்கு நீங்கள் பொறுப்பு? இவற்றை வரிசையாக எழுதுங்கள். அதன்பின் மாதச் சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். பலருக்கு இங்கேதான் கண் திறக்கும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். காவலாளியாக இருக்கும் ஒருவருக்கு மாதம் 15,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 208 மணி நேரம். மணிக்கு 75 ரூபாய் ஆகிறது. ஆனால் அவர் பார்ப்பது பன்னிரண்டு மணி நேரப் பணி. அப்படியானால் 312 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய்தான். அவருடைய தம்பி ஒரு கடையில் எட்டு மணி நேரம் நின்று 13,000 வாங்குகிறார். மணிக்கு 62 ரூபாய் 50 காசு. வீட்டில் அண்ணனுக்குத்தான் பெரிய சம்பளம் என்று பெயர். உண்மையில் குறைந்த விலைக்குத் தம் நேரத்தை விற்பவர் அண்ணன்தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குறித்த நேரத்துக்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டைக் கூலி என்று வைத்தது. "நேரம் காலம் பார்க்காமல் உழைக்க வேண்டும்" என்று சொல்கிறவர்கள், கூலி கொடுக்கும்போதும் நேரம் காலம் பார்த்துக் கணக்கிட வேண்டும்.

அடுத்து, அதே வேலைக்கு அதே வட்டாரத்தில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். ஒருவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். மூன்று நான்கு பேரை, வெவ்வேறு இடங்களில் வேலை செய்பவர்களை, ஏறத்தாழ உங்கள் அளவு அனுபவம் உள்ளவர்களைக் கேளுங்கள். சம்பளத்தை வெளியே சொல்வது கௌரவக் குறைவு என்று நமக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்த மௌனத்தால் ஆதாயம் பெறுபவர் குறைத்துக் கொடுப்பவரே. இரண்டாவதாக, அரசு குறித்த குறைந்தபட்சக் கூலியைப் பாருங்கள். 1948இல் இதற்கென்று சட்டம் வந்தது. 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பு அதை உள்வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு தொழிலுக்கும் மாநில அரசு அறிவிக்கும் தொகையும், விலைவாசியோடு சேர்ந்து ஏறும் பஞ்சப்படியும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கிடைக்கும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அது தரை. தரையில் நிற்பதையே மாடியில் நிற்பதாக எவரும் நமக்குச் சொல்லக் கூடாது.

நம் பங்குகளில் செவிலியர் இல்லாத தெரு குறைவு. ஆகவே அவர்களுக்கென்று இருக்கும் ஓர் அளவைச் சொல்கிறேன். 2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு, தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தைப் பற்றிப் பரிந்துரை தந்தது. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள மருத்துவமனை, அதே நிலையில் உள்ள மாநில அரசுச் செவிலியருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும். 100 படுக்கைகளுக்கு மேல் என்றால், அதைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால், இருபத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 படுக்கைகளுக்கும் குறைவான சிறு மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இந்தப் பரிந்துரை வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன; விலைவாசியும் ஏறிவிட்டது. உங்கள் மகளின் சம்பளச் சீட்டை எடுத்து இதன் அருகில் வைத்துப் பாருங்கள். மருத்துவமனையின் பெயருக்கு முன்னால் புனிதர் ஒருவரின் பெயர் இருந்தாலும் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி, வீடு. நல்ல வேலைக்காரர் ஒருவரின் கூலி, அவரையும் குடும்பத்தையும் மானத்தோடு வாழவைக்க வேண்டும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் எழுதிய 'லபோரெம் எக்செர்சென்ஸ்' என்னும் மடலில், ஒரு நாட்டின் பொருளாதார அமைப்பு முழுவதும் நீதியானதா என்று சோதிக்க, அங்கே உழைப்பவருக்குக் கிடைக்கும் ஊதியத்தைப் பார்த்தால் போதும் என்ற கருத்தைச் சொன்னார்.

குடும்பத்துக்கு எவ்வளவு தேவை என்பதை நம் நாடே ஒரு கணக்காக எழுதி வைத்திருக்கிறது. 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்தது அது. உழைப்பவர் ஒருவர், துணைவி, இரண்டு குழந்தைகள். இவர்களை மூன்று முழு ஆளாகக் கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. குடியிருக்க வாடகை. எரிபொருள், விளக்கு, சில்லறைச் செலவுகளுக்கு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 1991இல் உச்ச நீதிமன்றம், தமிழகத் தொழிலாளர்கள் கொண்டுபோன ஒரு வழக்கில், இது மட்டும் போதாது என்றது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், விழாக்கள், முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக மேலும் நூற்றுக்கு இருபத்தைந்து சேர்க்கச் சொன்னது. விழாவைக்கூடச் சேர்த்தார்கள் பாருங்கள். கிறிஸ்து பிறப்புக்குப் பிள்ளைக்கு ஒரு புதுச் சட்டை எடுப்பது ஊதாரித்தனம் அல்ல, குறைந்தபட்சத் தேவை என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஒத்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கை உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். மளிகை, பால், காய்கறி, மீன், வாடகை, எரிவாயு, மின்சாரம், பேருந்து அல்லது பெட்ரோல், பள்ளிக் கட்டணம், மருந்து. இவற்றோடு வயதான பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1957இன் கணக்கில் அவர்கள் இல்லை. நம் வீட்டில் இருக்கிறார்கள். கடன் தவணை, பீடி சிகரெட், மதுக்கடைச் செலவு ஆகியவற்றைத் தனியாக எழுதுங்கள். சம்பளம் போதவில்லை என்பதும், சம்பளம் வேறு வழியில் போய்விடுகிறது என்பதும் இரண்டு வேறு நோய்கள். ஒன்றுக்கு எழுதிய மருந்து மற்றதைக் குணப்படுத்தாது. முதலாளியிடம் போவதற்கு முன் இந்த உண்மையை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்வி, ஊர். ஒரே சம்பளம் எல்லா ஊரிலும் ஒரே சம்பளம் ஆகாது. அரசே இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்துத்தான். ஏழாவது ஊதியக் குழுவின் ஏற்பாட்டில், பஞ்சப்படி ஐம்பது விழுக்காட்டைத் தொட்டபின், சென்னை போன்ற மாநகரில் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 30; கோவை, மதுரை, திருச்சி போன்ற நகரங்களில் 20; சிறிய ஊர்களில் 10. வேலை ஒன்று, பதவி ஒன்று. ஊருக்காக மட்டும் இந்த வேறுபாடு.

ஊரில் பெற்றோரோடு இருக்கும் ஒரு தம்பிக்கு 17,000 ரூபாயில் ஒரு வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் 24,000 தருகிறோம் என்று அழைப்பு வருகிறது. ஏழாயிரம் கூடுதல் என்று வீடே மகிழ்கிறது. சென்னையில் பகிர்ந்து தங்கும் அறைக்கு 6,500. மெஸ் சாப்பாட்டுக்கு 5,500. பேருந்து, ரயிலுக்கு 1,500. மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோக 1,500. கைப்பேசி, சில்லறைச் செலவு 1,000. ஆக 16,000 போக, கையில் நிற்பது 8,000. ஊரில் அம்மாவிடம் சாப்பாட்டுக்கு 6,000 கொடுத்து, பேருந்துக்கு 1,500, சில்லறைக்கு 1,000 என்று 8,500 செலவானாலும், கையில் நிற்பது 8,500. சம்பளம் பெரிது, மிச்சம் சிறிது.

அதனால் போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்த வேலை அவருக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்கிறதா, மூன்றாண்டில் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் எடைபோட வேண்டும். போவதாக இருந்தால், ஊருக்கேற்ற தொகையைக் கேட்டு வாங்கிப் போக வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களும் இப்படியே பார்க்க வேண்டும். அந்நாட்டுப் பணத்தை நம் ரூபாயாக மாற்றிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். தங்குமிடமும் உணவும் யார் செலவு, விடுப்புக்கு வந்துபோகும் பயணச்சீட்டு யார் தருவது, முகவருக்குக் கொடுத்த பணத்தை மீட்க எத்தனை மாதம் ஆகும் என்பதையெல்லாம் கழித்துவிட்டு நிற்பதே உண்மையான சம்பளம்.

மறைநூலிலேயே இதற்கு அழகான எடுத்துக்காட்டு உண்டு. தோபித்து நூலின் ஐந்தாம் பிரிவில், முதியவர் தோபித்து தம் மகன் தோபியாவோடு தொலைதூரம் போக ஒருவரைக் கூலிக்கு அமர்த்துகிறார். வந்திருப்பவர் வானதூதர் இரபேல் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவர் பேசிய கூலியைக் கவனியுங்கள். நாளுக்கு ஒரு திராக்மா. அதோடு வழிச் செலவு, அதுவும் தம் மகனுக்கு ஆவது போலவே. நல்லபடியாகத் திரும்பி வந்தால் மேலும் ஊதியம். வேலைக்குக் கூலி, ஊருக்குப் படி, முடித்ததற்கு வெகுமதி என்று மூன்றையும் புறப்படும் முன்பே பேசி முடித்தார். யாரென்று தெரியாத ஆளுக்கு இப்படி.

இன்னொரு குடும்பமும் மறைநூலில் உண்டு. லாபான் தம் சொந்த மருமகன் யாக்கோபின் கூலியைப் பத்து முறை மாற்றினார் என்று தொடக்க நூல் சொல்கிறது. உறவுக்காரர்தானே, பேசிக்கொள்ளலாம் என்று வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் லாபானையும் தோபித்தையும் ஒருசேர நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எழுதிய தாள் இருந்தால் உறவும் நிலைக்கும்.

இங்கே சம்பளச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பெரிய நிறுவனங்கள் 'சி.டி.சி.' என்று ஆண்டுக் கணக்கில் ஒரு தொகையைச் சொல்கின்றன. நிறுவனத்துக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு அது. உங்கள் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. நிறுவனம் கட்டும் சேமநல நிதியும், பணிக்கொடைக்கென்று ஒதுக்குவதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது கைக்கு வரும் தொகையைக் கைக்கு வரும் தொகையோடு ஒப்பிடுங்கள். அதே நேரத்தில், பிடித்தம் இல்லாத சம்பளம் மேலானது என்றும் ஏமாற வேண்டாம். சேமநல நிதிக்கு நீங்கள் நூற்றுக்கு 12 கட்டினால் நிறுவனமும் 12 கட்டுகிறது. மாதம் 21,000 வரை வாங்குவோர் இ.எஸ்.ஐ.க்கு முக்கால் விழுக்காடு கட்டினால், நிறுவனம் மூன்றேகால் விழுக்காடு கட்டுகிறது. குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கிறது. ஐந்து ஆண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. "பிடித்தம் எதற்கு, முழுப் பணத்தையும் கையில் தருகிறேன்" என்பவர் பெரும்பாலும் தம் பங்கைத்தான் மிச்சப்படுத்துகிறார். பிடித்த பணம் உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று ஆண்டுக்கு இருமுறையாவது பாருங்கள்.

அன்பானவர்களே, கணக்குப் போட்டாயிற்று. இப்போது என்ன செய்வது?

வேலைக்கும் வீட்டுக்கும் ஊருக்கும் ஏற்ற சம்பளம்தான் என்று தெரிந்தால், இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள். பக்கத்து வீட்டைப் பார்த்துப் புலம்புவதை அன்றோடு நிறுத்துங்கள். குறைகிறது என்று தெரிந்தால், கேளுங்கள். கோபத்தோடு வேண்டாம்; கண்ணீரும் வேண்டாம். தாளோடு போங்கள். நான் செய்யும் வேலை இது, எடுத்துக்கொண்ட பொறுப்பு இது, இந்த வட்டாரத்தில் இதே வேலைக்குக் கொடுப்பது இது, எனக்கு வேண்டியது இது என்று சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்று பதில் வந்தால், எப்போது பார்க்கலாம் என்று நாள் கேளுங்கள். தனியாகப் பேச முடியாத இடத்தில் சேர்ந்து பேசுங்கள். தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைத் திருஅவை 1891 முதலே ஆதரித்து வருகிறது. சட்டம் குறித்ததைக்கூடக் கொடுக்க மறுத்தால், தொழிலாளர் துறை அலுவலகத்தின் படியேறுவதில் பாவம் ஒன்றும் இல்லை.

முதலாளியின் நிலைமையையும் பார்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பார்க்க வேண்டும். 1931இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ், நியாயமான கூலியைக் குறிக்கும்போது தொழில் நடக்கும் நிலையையும் கருத்தில் கொள்ளச் சொன்னார். தாங்க முடியாத கூலியைக் கேட்டுத் தொழிலையே மூடவைத்தால் எல்லாருக்கும் நட்டம். ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் சொன்னார். நடத்துபவரின் அசட்டையாலும் சோம்பலாலும் இலாபம் குறைந்தால், அதைக் காரணம் காட்டி உழைப்பவரின் கூலியைக் குறைப்பது நியாயம் ஆகாது.

இதுவரை நான் பேசியதைக் கேட்டுத் தலையசைத்தவர்கள், இனிச் சொல்லப்போவதையும் கேட்க வேண்டுகிறேன். நம்மில் ஏறத்தாழ எல்லாருமே கூலி வாங்குகிறவர்கள் மட்டும் அல்லர், கூலி கொடுக்கிறவர்களும்கூட. வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்கா, தென்னைமரம் ஏறுபவர், வயலில் களையெடுக்கும் பெண்கள், கடையில் நிற்கும் பையன், அப்பாவைக் கவனித்துக்கொள்ள அமர்த்திய பெண். நிறுவனம் நம்மை எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்று கேட்கிறோமோ, அதே அளவுகோலை எடுத்து இவர்கள் பக்கம் வைப்போமா?

வேலை என்ன? ஒரு மணி நேரம் என்று பேசி, விருந்தினர் வந்தால் இரண்டு மணி நேரம் ஆகிறதே, அதற்குக் கூலி உண்டா? வீடு என்ன? அவருக்கும் பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கும் பள்ளி திறக்கிறது. ஊர் எது? நம் வாடகை ஏறினால் அவர் வாடகையும் ஏறியிருக்கும். நமக்கு வாரம் ஒருநாள் விடுப்பும் ஆண்டுக்கு ஒருமுறை ஊதிய உயர்வும் வேண்டும் என்கிறோம். அவருக்குக் கடைசியாக எந்த ஆண்டு கூட்டிக் கொடுத்தோம்? அவர் நோயில் படுத்த நாளுக்குக் கூலியைப் பிடித்தோமா? வயலில் ஆணும் பெண்ணும் ஒரே வேலை செய்து, பெண்ணுக்கு மட்டும் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் எத்தனை ஊரில் இருக்கிறது! சம வேலைக்குச் சமக் கூலி என்று 1976இலேயே நாட்டில் சட்டம் வந்துவிட்டது.

நம் கோயிலும் இதற்கு விலக்கு அல்ல. ஆலயச் சொத்துகளை நிர்வகிப்போர் தம்மிடம் வேலை செய்பவர்களுக்கு நேர்மையான, மானத்தோடு வாழப் போதுமான ஊதியம் தர வேண்டும் என்று திருஅவைச் சட்டத்தின் 1286ஆம் எண் கட்டளையிடுகிறது. கோயில்பிள்ளை, உபதேசியார், பங்கு இல்லத்துச் சமையல்காரர், கல்லறைத் தோட்டக்காரர், பங்குப் பள்ளியில் நிர்வாகம் ஊதியம் தரும் ஆசிரியர், ஆயா. இவர்கள் செய்வது இறைப்பணி என்று நாம் சொல்கிறோம். இறைப்பணிக்கு மளிகைக்கடையில் கடன் தருவதில்லை. திருவிழா மேளத்துக்கும் வாணவேடிக்கைக்கும் பட்ஜெட் போடும் பங்குப் பேரவைகள், அதே கூட்டத்தில் இவர்களின் ஊதியத்தையும் ஒரு பொருளாக எடுத்துப் பேசட்டும்.

இணைச்சட்ட நூல், ஏழையின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது. அவர் அதையே நம்பி இருக்கிறார் என்று காரணமும் காட்டுகிறது. சீராக்கின் ஞான நூல், கூலியைப் பறிப்பதை இரத்தம் சிந்துவதோடு ஒப்பிடுகிறது. யாக்கோபு தம் திருமுகத்தில், கொடுக்காமல் வைத்த கூலியே கூக்குரலிடும் என்று எச்சரிக்கிறார். மத்தேயு நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்டத்து உரிமையாளரை நினைத்துப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு வந்தவர்களுக்கும் ஒரு தெனாரியம் கொடுத்தார். அன்றைய நாளில் அது ஒரு நாள் கூலி. கடைசியில் வந்தவரின் வீட்டிலும் அன்று இரவு உலை கொதிக்க வேண்டுமே! முதலில் வந்தவர்களுக்குப் பேசியதில் ஒரு காசும் குறைக்கவில்லை. நீதியில் குறை வைக்காமல் இரக்கத்தில் கூட்டிக் கொடுத்தார். நீதியைக் குறைத்துவிட்டு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்து அதை இரக்கம் என்று சொல்வது அந்த உரிமையாளரின் வழி அல்ல.

இந்த வாரம் ஒரு மாலை, குடும்பச் செபம் முடிந்தபின், ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் உங்கள் வீட்டுக்கு வரும் சம்பளம். வலப்பக்கம் உங்கள் வீட்டிலிருந்து போகும் கூலி. இரண்டு பக்கத்திலும் வேலை, வீடு, ஊர் என்ற அதே மூன்று கேள்விகளை எழுதுங்கள். இடப்பக்கம் குறைந்தால் யாரிடம் எப்போது பேசுவது என்று முடிவெடுங்கள். வலப்பக்கம் குறைந்தால் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அடுத்த முதல் தேதியில் கூட்டிக் கொடுத்துவிடுங்கள்.

நாசரேத்துத் தச்சரே, எங்கள் சூசையப்பரே, வேலை தேடும் எங்கள் பிள்ளைகளுக்காகவும், குறைந்த கூலியில் குடும்பம் நடத்தும் எல்லாருக்காகவும், கூலி கொடுக்கும் எங்கள் கைகள் சுருங்காதிருக்கவும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். தந்தை, மகன், தூய ஆவியாராகிய எல்லாம் வல்ல இறைவன் உங்கள் உழைப்பையும், உங்கள் இல்லங்களையும், உங்களிடம் உழைப்போரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.